பள்ளியில் மதத்தைச் சொல்லிச் சீண்டினால்: பொறுப்பதா, கேட்பதா, எழுதிக் கொடுப்பதா?

பிள்ளையின் மதத்தைச் சொல்லிப் பள்ளியில் யாரோ கேலி செய்கிறார்கள் என்று தெரியவந்த அன்றைக்கு, வீட்டில் பெரும்பாலும் இரண்டே யோசனைகள்தான் எழும். ஒருவர், ‘விட்டுத்தள்ளு, பெரிசு பண்ணாதே’ என்பார். இன்னொருவர், ‘நாளைக்கே போய் உண்டு இல்லை என்று பார்த்துவிடுகிறேன்’ என்பார். ராத்திரி முழுக்கப் பேச்சு இந்த இரண்டுக்கும் இடையிலேயே ஓடும். வழிகள் இன்னும் பல உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பலன், ஒரு விலை. ஓரிடத்தில் நன்றாக வேலை செய்யும் வழி இன்னோரிடத்தில் பிள்ளையை மேலும் மாட்டிவிடும்.

எந்த வழி என்பதைப் பிள்ளையின் தைரியத்தையோ பெற்றோரின் கோபத்தையோ வைத்துத் தீர்மானிக்கக் கூடாது என்பது என் கருத்து. செய்வது யார் என்று முதலில் பார்க்க வேண்டும். ஒரே ஒரு மாணவனா? ஒரு கூட்டமா? ஆசிரியரா? அல்லது பள்ளியின் விதியே அப்படியா? இந்த நான்கில் எது என்று பிரித்துப் பார்த்துவிட்டால் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: இது உரசலா, கொடுமையா? நார்வேயில் இருந்துகொண்டு 1970களிலிருந்து இந்த விஷயத்தை ஆராய்ந்த உளவியலாளர் டான் ஒல்வியுஸ் சொன்ன மூன்று அடையாளங்களைத்தான் இன்றும் பெரும்பாலோர் கையாள்கிறார்கள். வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, செய்பவருக்கும் படுபவருக்கும் பலத்தில் ஏற்றத்தாழ்வு இருப்பது. மதம் என்று வரும்போது இந்த மூன்றாவது அடையாளம் சட்டென்று கண்ணில் படாது. சீண்டுகிறவன் ஆளே சின்னவனாக இருப்பான். ஆனால் 40 பேர் வகுப்பில் 38 பேர் அவனுடைய மதம் என்றால், அவன் தனியாள் இல்லை. ‘அவனும் இவனும் ஒரே உயரம்தானே, இவனே பார்த்துக்கொள்ளட்டும்’ என்று ஆசிரியர் சொல்வது இதைக் கவனிக்காததால்தான்.

யுனெஸ்கோ 2019இல் 144 நாடுகளின் தரவுகளைச் சேர்த்து ஓர் அறிக்கை வெளியிட்டது. மூன்றில் ஒரு பங்குக்கு நெருக்கமான மாணவர்கள், முந்தைய ஒரு மாதத்தில் ஒரு தடவையாவது சக மாணவர்களால் கொடுமைக்கு ஆளானதாகச் சொல்லியிருந்தார்கள். காரணமாக அதிகம் சொல்லப்பட்டது உருவத் தோற்றம். அடுத்தது இனம், நாடு, நிறம். மதத்தைச் சொன்னவர்கள் அதைவிடக் குறைவு. இதைப் படித்துவிட்டு ‘அப்போ நம் பள்ளியில் இது பெரிய பிரச்சினை இல்லை’ என்று ஒரு நிர்வாகி நிம்மதியடைந்தால், அவருக்குக் கணக்கு புரியவில்லை என்று அர்த்தம். ஒரு வகுப்பில் மாற்று மதத்தினர் இரண்டு பேர் இருந்து, அந்த இரண்டு பேருமே படாதபாடு பட்டாலும், மொத்தச் சராசரியில் அது சின்ன எண்ணாகத்தான் தெரியும்.

பேசாமல் இருப்பது

இந்த வழியை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஒருமுறை, ஒருவன், விஷயம் தெரியாமல் சொன்ன சொல் என்றால் கடந்துபோவதே நல்லது. எட்டு வயதுக் குழந்தை ‘உங்க சாமிக்கு ஏன் உருவமே இல்ல?’ என்றோ ‘உங்க சாமிக்கு ஏன் இத்தனை கை?’ என்றோ கேட்டால் அது கேள்வி. பதில் சொன்னால் போதும். புகார் எழுத வேண்டியதில்லை.

ஆனால் ‘கண்டுகொள்ளாமல் இருந்தால் அவனே சலித்துப்போய் விட்டுவிடுவான்’ என்ற அறிவுரை ஒரு தவறான கணக்கில் நிற்கிறது. சீண்டுகிறவனுக்கு உங்கள் பிள்ளையின் அழுகைதான் வேண்டும் என்று அது நினைத்துக்கொள்கிறது. பல நேரம் அவனுக்கு வேண்டியது சுற்றி நிற்பவர்களின் சிரிப்பு. பின்லாந்தின் கிறிஸ்டினா சால்மிவல்லி 1996இல் சக ஆய்வாளர்களுடன் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது: வகுப்பில் இருப்பவர்கள் சீண்டுபவர், படுபவர் என்ற இருவரோடு முடிவதில்லை. கூடச் சேர்ந்துகொள்பவர், சிரித்து ஊக்குவிப்பவர், ஒதுங்கி நிற்பவர், காக்க வருபவர் என்று ஆளுக்கொரு பாத்திரம் இருக்கிறது. சிரிப்பவர்கள் சிரித்துக்கொண்டிருக்கும்வரை உங்கள் பிள்ளை பேசினாலும் பேசாவிட்டாலும் ஆட்டம் தொடரும். ஆகவே தனியாக இருக்கும்போது ஒருவன் சொன்னதற்கு மௌனம் சரி. கூட்டத்துக்கு முன்னால் நடப்பதற்கு மௌனம் உதவாது.

மௌனத்துக்கு இன்னொரு முகமும் உண்டு: மறைப்பது. மத அடையாளத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்வது, பெயரைச் சுருக்கிச் சொல்வது, வழிபாட்டு நாளில் விடுப்பு எடுத்துவிட்டுக் காய்ச்சல் என்று எழுதுவது. அடி விழும் என்ற பயம் இருக்கும் இடத்தில் பிள்ளை தானாக இப்படிச் செய்தால் திட்டாதீர்கள். அன்றைக்கு அதுதான் அதற்குத் தெரிந்த பாதுகாப்பு. ஆனால் பெரியவர்கள் இதையே தீர்வாகச் சொல்லிக் கொடுக்கக் கூடாது. தவறு தன் கழுத்திலோ தலையிலோ இருக்கும் பொருளில்தான் இருக்கிறது என்று பிள்ளை எடுத்துக்கொள்ளும். சீண்டுகிறவனும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

நின்று பதில் சொல்வது

ஒரே ஒரு மாணவன், சம வயது, அடிதடி இல்லை. இந்த மூன்றும் பொருந்தினால் நேராகச் சொல்வது நல்ல வழி. உடனே பலன் தெரியும், பிள்ளைக்கும் தன்மேல் நம்பிக்கை வரும். ஆனால் சொல்வது ஒரே வாக்கியமாக இருக்க வேண்டும். ‘என் மதத்தைப் பற்றி இப்படிப் பேசாதே, எனக்குப் பிடிக்கவில்லை.’ அவ்வளவுதான், சொல்லிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். வீட்டில் இரண்டு மூன்று தடவை சத்தமாகச் சொல்லிப் பார்த்தால் அங்கே குரல் நடுங்காது.

இங்கே பெற்றோர் வழக்கமாக ஒரு குழியில் விழுவார்கள். ‘அவன் அப்படிக் கேட்டால் நீ இப்படிக் கேள்’ என்று எதிர் மதத்தின் குறைகளை எடுத்துக் கொடுப்பார்கள். அந்த நிமிடமே உங்கள் பிள்ளையின் நியாயம் போய்விடும். நேற்றுவரை சும்மா நின்றவர்கள் இன்றைக்குப் புண்பட்டவர்கள் ஆகிவிடுவார்கள். பன்னிரண்டு வயதில் மதத்தத்துவ விவாதத்தில் யாரும் ஜெயித்ததில்லை; அறுபது வயதிலும் இல்லை என்பது வேறு விஷயம்.

கை நீட்டுவதற்கும் இதே கதிதான். பல பள்ளிகளில் ‘யார் ஆரம்பித்தாலும் இருவருக்கும் தண்டனை’ என்ற கறாரான விதி இருக்கிறது. இப்படி விட்டுக்கொடுக்காத தண்டனை விதிகளை அமெரிக்க உளவியல் சங்கத்தின் பணிக்குழு ஒன்று 2006இல் ஆராய்ந்தது. அவற்றால் பள்ளி பாதுகாப்பாகிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று முடிவு சொன்னது. ஆனாலும் அந்த விதிகள் போகவில்லை. ஒரு அடி கொடுத்துவிட்டால், மூன்று மாதமாக நடந்த கொடுமை கோப்பில் ‘இரு மாணவர்களிடையே சண்டை’ என்று சுருங்கிவிடும். அடிக்க வருபவனிடமிருந்து தள்ளிவிட்டுத் தப்புவதும் கத்திக் கூப்பிடுவதும் இதில் சேராது, அது தற்காப்பு.

கூட்டத்திடம் நின்று பேசுவதும், ஆசிரியரிடம் வகுப்பிலேயே எதிர்த்துப் பேசுவதும் நான் எந்தப் பிள்ளைக்கும் சொல்லித்தர மாட்டேன். கேட்க வீரமாக இருக்கும். விலையை ஒற்றை ஆளாகக் கட்டப்போவது பிள்ளைதான்.

பக்கத்தில் ஒருவர் இருந்தால்

எல்லா வழிகளிலும் செலவு குறைந்து பலன் கூடியது இதுதான் என்பேன். ஆனால் குடும்பங்கள் இதைப் பெரும்பாலும் யோசிப்பதே இல்லை, ஏனென்றால் இது நம் கையில் இல்லாதது போலத் தோன்றுகிறது.

கனடாவின் டொராண்டோவில் ஆய்வாளர்கள் ஆரம்பப் பள்ளி விளையாட்டுத் திடல்களில் நடப்பதைக் காணொளியாகப் பதிவுசெய்து, சீண்டல் நிகழ்வுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, 2001இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 88 சதவீத நிகழ்வுகளில் மற்ற மாணவர்கள் பக்கத்தில் இருந்தார்கள். ஆனால் 19 சதவீதத்தில்தான் யாராவது குறுக்கே வந்தார்கள். அப்படிக் குறுக்கே வந்தவற்றில் பாதிக்கு மேல், அதாவது 57 சதவீதம், பத்து விநாடிக்குள் சீண்டலை நிறுத்திவிட்டன. ஒரு சின்னப் பிள்ளையின் ‘டேய், விடுடா’வுக்கு இவ்வளவு பலம் இருக்கிறது.

மதச் சீண்டலில் அந்த ‘விடுடா’ எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். அதே சிறுபான்மை மதத்தைச் சேர்ந்த இன்னொரு பிள்ளை வந்தால் சீண்டுகிற கூட்டம் இரண்டு பேரைச் சேர்த்துச் சீண்டும். சீண்டுகிறவனுடைய மதத்தைச் சேர்ந்தவனே வந்து சொன்னால் ‘நாம்’, ‘அவர்கள்’ என்று போட்ட கோடு அங்கேயே அழிந்துவிடும். அதனால் பிள்ளையிடம் ‘உன்னோடு யார் நன்றாகப் பேசுவார்கள்?’ என்று கேட்கும்போது, தன் மதத்துக்குள்ளேயே தேடச் சொல்லாதீர்கள். சாப்பிடும்போது பக்கத்தில் உட்காரும் ஒருவர், ஒரே வழியில் வீடு திரும்பும் ஒருவர் போதும். எல்லோரும் வேண்டியதில்லை.

நீங்கள் படுபவரின் பெற்றோராக இல்லாமல் பார்த்துக்கொண்டு நிற்கும் பிள்ளையின் பெற்றோராக இருந்தால், உங்கள் பிள்ளைக்குத் தேர்வுகள் மூன்று. நேராகத் தடுப்பது ஒன்று. சீண்டுகிறவனை மதிக்காமல் படுபவனிடம் ‘வா, போகலாம்’ என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவது இன்னொன்று. அப்போதைக்கு ஒன்றும் செய்யாமல் பிறகு பெரியவரிடம் சொல்வது மூன்றாவது. என் ஓட்டு நடுவில் இருப்பதற்கு. மோதல் இல்லை, பேச்சுத்திறமை வேண்டாம், கூச்ச சுபாவமுள்ள பிள்ளையும் செய்யலாம். முதலாவதைச் செய்யும் பிள்ளைக்கு வகுப்பில் ஏற்கெனவே கொஞ்சம் செல்வாக்கு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த இலக்கு அதுவாகிவிடும்.

ஆய்வுகள் இந்த இடத்தில் ஒரே குரலில் பேசுவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பார்த்துக்கொண்டு நிற்பவர்களைக் காப்பாற்ற வரத் தூண்டும் பயிற்சிகளுக்குப் பலன் உண்டு என்று சொல்லும் ஆய்வுகள் இருக்கின்றன. மாணவர்களை வைத்தே பிரச்சினையைத் தீர்க்கப் பார்த்த திட்டங்களில் பாதிப்பு கூடியதாகச் சொல்லும் ஆய்வும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குப் படுவது இதுதான்: நண்பன் துணைக்கு வரலாம், நீதிபதியாக உட்காரக் கூடாது. பள்ளி செய்ய வேண்டியதைப் பள்ளிதான் செய்ய வேண்டும்.

வாயால் சொல்வதா, எழுதிக் கொடுப்பதா

சீண்டல் ஒருமுறைக்கு மேல் நடந்திருந்தால் எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்ன புகாரை வகுப்பாசிரியர் உண்மையிலேயே மறந்துபோவார். அவருக்கு அன்றைக்கு இன்னும் ஐம்பது விஷயங்கள். எழுதியதற்கு மட்டுமே தேதி உண்டு. பின்னால் மேலே போக வேண்டி வந்தால், ‘எங்களுக்குத் தெரியவே தெரியாது’ என்ற பதிலுக்கு உங்களிடம் இருக்கும் ஒரே மறுமொழி அந்தத் தேதிதான்.

எப்படி எழுதுவது? ‘என் மகனை மதவெறியோடு கொடுமைப்படுத்துகிறார்கள்’ என்று தொடங்கும் கடிதம் படிப்பவரை உடனே தற்காப்பில் தள்ளிவிடும். அதற்குப் பதில், என்ன தேதி, எந்த மணிநேரம், எந்த இடம், யார் என்ன சொன்னார், அந்த வார்த்தைகள் அப்படியே, அருகில் யார் இருந்தார், எந்தப் பெரியவரிடம் சொன்னோம், அவர் என்ன செய்தார் என்று எழுதுங்கள். சொன்னது அசிங்கமான வசை என்றாலும் அதை மழுப்பாதீர்கள். ‘தவறாகப் பேசினான்’ என்று எழுதினால் படிப்பவர் மனத்தில் லேசான ஒன்றுதான் வரும். அலைபேசியில் வந்தது என்றால் திரைப்பிடிப்பு எடுத்துவிட்டுத்தான் ஆளைத் தடுக்க வேண்டும். கோபத்தில் முதலில் அழித்துவிட்டுப் பிறகு தேடுபவர்கள் நிறைய.

இடம் பற்றிய விவரத்தை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், இது பெரும்பாலும் வகுப்பில் ஆசிரியர் கண்ணெதிரே நடப்பதில்லை. படிக்கட்டு, கழிவறை வாசல், பேருந்தின் கடைசி இருக்கை. ‘தினமும் இடைவேளையில், மேல்மாடிப் படிக்கட்டில்’ என்று எழுதினால் மறுநாளே ஒரு ஆசிரியரை அங்கே நிற்கவைக்க முடியும். எந்த விசாரணையும் முடிவதற்கு முன்பே செய்யக்கூடிய காரியம் அது.

கடிதத்தின் கடைசியில் என்ன வேண்டும் என்று கேட்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ‘தகுந்த நடவடிக்கை எடுக்கவும்’ என்பது எதையும் கேட்காததற்குச் சமம். எப்போதைக்குள் விசாரிப்பீர்கள், யார் விசாரிப்பார், அதுவரை பிள்ளையின் பாதுகாப்புக்கு என்ன ஏற்பாடு என்று மூன்றைக் கேளுங்கள். ஏற்பாடு என்ற பெயரில் உங்கள் பிள்ளையை வேறு பிரிவுக்கு மாற்றுவதாகச் சொன்னால் ஒப்புக்கொள்வதற்கு முன் யோசியுங்கள். இடம் மாற வேண்டியவர் யார்? பிள்ளையே அந்த வகுப்பிலிருந்து போக விரும்பினால் அது வேறு.

பள்ளிக்கு இது குறித்து எழுதிய கொள்கை ஏதும் உண்டா என்றும் கேட்டுப் பாருங்கள். இங்கிலாந்தில் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசு நிதியில் இயங்கும் பள்ளிகள் கொடுமையைத் தடுக்கும் நடவடிக்கைகளை வகுத்தே ஆக வேண்டும். வேறு பல நாடுகளிலும் ஏதோ ஒரு பெயரில் இது இருக்கிறது. அவர்களுடைய கொள்கையின் வாசகத்தையே உங்கள் கடிதத்தில் எடுத்து எழுதினால் பதில் வேகமாக வரும்.

யாருக்குக் கொடுப்பது என்பது, முதலில் சொன்னபடி, செய்பவரைப் பொறுத்தது. ஒரு மாணவன் என்றால் வகுப்பாசிரியர். கூட்டம் என்றால் வகுப்பாசிரியருக்கும் தலைமையாசிரியருக்கும் ஒரே கடிதம்.

‘கை குலுக்கிக்கோங்க’

புகார் போன மறுவாரம் பள்ளியிலிருந்து பெரும்பாலும் வரும் யோசனை இது. இரண்டு பிள்ளைகளையும் ஓர் அறையில் உட்காரவைத்து, ‘இரண்டு பேர் மேலும் தப்பு இருக்கு, மன்னிப்புக் கேட்டுக்கிட்டுக் கை குலுக்குங்க’ என்பார்கள். நல்லெண்ணத்தோடுதான் சொல்வார்கள். பொறுப்பது, கேட்பது, எழுதுவது எல்லாவற்றையும்விட அதிகக் கெடுதல் செய்வது இந்த வழிதான் என்று நினைக்கிறேன்.

சமாதானம் சமமானவர்களுக்கு இடையிலான சச்சரவுக்கு ஏற்ற மருந்து. பந்துக்காகச் சண்டையிட்ட இருவருக்குச் சரி. ஒருவன் தொடர்ந்து செய்ய, ஒருவன் தொடர்ந்து பட்டிருக்கும்போது, ‘இரண்டு பேர் மேலும் தப்பு’ என்பதே பொய். அறையில் தலைமையாசிரியர் முன்னால் எந்தப் பிள்ளையும் ‘சரிங்க சார்’ என்றுதான் சொல்லும். வெளியே வந்ததும் ‘மாட்டிவிட்டியா?’ என்று இரண்டாவது சுற்று ஆரம்பிக்கும், இம்முறை இன்னும் கவனமாக, யாருக்கும் தெரியாத இடத்தில். மத விஷயத்தில் இன்னொரு கேடும் சேரும். ‘இரு தரப்பு’ என்ற பேச்சு மெல்ல ‘இரு மதம்’ என்று ஆகி, ஒரு மாணவன் செய்த தவறு இரண்டு சமூகங்களின் தகராறாகக் காட்டப்படும்.

மாற்று வழி இருக்கிறது, புதிதும் அல்ல. சுவீடனின் உளவியலாளர் அனத்தோல் பிக்காஸ் உருவாக்கிய முறையில், சீண்டிய கூட்டத்திலிருந்து ஒவ்வொருவரையும் தனித்தனியாக அழைத்துப் பேசுவதில்தான் வேலை தொடங்குகிறது. கூட்டத்தில் கொம்பனாக நிற்கிறவன் தனியாக உட்கார்ந்தால் வேறு ஆளாக இருப்பான். பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தில் உருவாகி 2009இல் நாடளவில் பரவத் தொடங்கிய ‘கீவா’ என்ற கொடுமைத் தடுப்புத் திட்டத்திலும் தனித்தனிப் பேச்சுகளும் பின்தொடர்தலும் உண்டு. கூடவே, வகுப்பில் செல்வாக்குள்ள சில மாணவர்களைத் தனியே அழைத்து, பாதிக்கப்பட்டவருக்குத் துணையாக இருக்கும்படி கேட்டுக்கொள்வார்கள். பள்ளி சமாதானக் கூட்டம் என்றால் நீங்கள் கேட்க வேண்டியது: ‘முதலில் தனித்தனியாகப் பேசுங்கள். என் பிள்ளை தானாக விரும்பினால் பிறகு சேர்ந்து உட்காரலாம்.’

மத நல்லிணக்க நாள் கொண்டாடுவோம் என்ற யோசனையும் இதே வரிசையில் வரும். ஒருநாள் மேடை, மூன்று மத உடை, ஒரு கூட்டுப் பாட்டு. கெடுதல் இல்லை, ஆனால் புகாருக்குப் பதிலாக அதை ஏற்காதீர்கள். அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954லேயே எழுதினார்: வெவ்வேறு குழுவினர் சந்தித்துக்கொண்டால் மட்டும் வெறுப்பு குறைந்துவிடாது, சம அந்தஸ்து, பொது இலக்கு, ஒத்துழைப்பு, மேலிருப்பவர்களின் ஆதரவு எல்லாம் வேண்டும். 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டினில், இனம் கலந்த வகுப்புகளில் பதற்றம் ஏறியபோது, உளவியலாளர் எலியட் ஆரன்சன் பாடத்தைத் துண்டுகளாகப் பிரித்து ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். மற்றவரிடம் கேட்டால்தான் பாடம் முழுமையாகும். அது அன்றாட வகுப்பில் நடந்தது என்பதுதான் அதன் சிறப்பு. மேடை வேண்டும் என்றால் வையுங்கள்; அதில் உங்கள் பிள்ளையைத் தன் மதத்தின் பிரதிநிதியாக ஏற்றிவைப்பதற்கு முன் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அந்த வீட்டுக்கே போவது, ஊரறியச் செய்வது

இரண்டும் வேண்டாம். சீண்டிய பிள்ளையின் பெற்றோரை உங்களுக்கு முன்பே நன்றாகத் தெரியும் என்றால் மட்டும் முதலாவதைச் செய்யலாம். மற்றபடி எந்தத் தகப்பனும் வாசலில் நின்று கேட்பவரிடம் தன் பிள்ளையை விட்டுக்கொடுக்க மாட்டார். சமூக ஊடகத்தில் போட்டால் இரண்டே நாளில் இரு பக்கத்திலும் உங்களுக்குத் தெரியாதவர்கள் வந்து நிற்பார்கள். அவர்கள் போன பிறகும் பிள்ளை அதே வகுப்பில்தான் உட்கார வேண்டும். எல்லாக் கதவும் சாத்தப்பட்ட பிறகு, பிள்ளையின் பெயரும் முகமும் இல்லாமல், ஒரு கடைசி வழியாக அதை வைத்துக்கொள்ளலாம்.

ஆசிரியரே செய்தால்

மேலே சொன்ன பலவும் இங்கே தலைகீழாகிவிடும். பிள்ளை பதில் சொல்ல முடியாது. நண்பர்கள் குறுக்கே வர முடியாது. வகுப்பாசிரியரிடம் போனால் அவர் சக ஊழியரைப் பற்றிப் பேச வேண்டிய சங்கடத்தில் நழுவப் பார்ப்பார். மாணவர் செய்வது நண்பர்களின் சிரிப்பைத்தான் கூட்டும். ஆசிரியர் சொல்லும் ஒரு ‘நகைச்சுவை’ வகுப்பு முழுவதற்கும் அனுமதிச் சீட்டாகிவிடும். அதனால் இதில் பொறுத்துப் பார்க்கும் காலத்தை நான் மிகக் குறைவாகவே வைப்பேன்.

நேராகத் தலைமையாசிரியருக்கு, எழுத்தில். அவரும் அசையவில்லை என்றால் நிர்வாகக் குழுவுக்கு. ‘அவரை நீக்குங்கள்’ என்று தொடங்கினால் விவகாரம் அவருடைய வேலையைப் பற்றியதாகிப் பிள்ளை மறக்கப்பட்டுவிடும். இந்தச் சொற்கள் வகுப்பில் மறுபடி வரக் கூடாது, விசாரணை முடியும்வரை என் பிள்ளையின் தாளை இன்னொருவர் திருத்த வேண்டும் என்று கேட்பது கைக்கு எட்டும் கோரிக்கை. பெற்றோரைத் தடுத்து நிறுத்துவது பெரும்பாலும் மதிப்பெண் பயம்தான். அது வீண் பயமும் இல்லை. அதனால் புகாருக்கு முன்பே இதுவரை திருத்தித் தந்த தாள்களின் நகல்களை எடுத்து வையுங்கள். பின்னால் மதிப்பெண் திடீரென்று சரிந்தால் ஒப்பிட்டுக் காட்டலாம்.

இன்னொரு பெற்றோரும் சேர்ந்து கையெழுத்திட்டால் கடிதத்தின் எடையே வேறு. அவர் பெரும்பான்மை மதத்தைச் சேர்ந்தவராக இருந்தால் இன்னும் நல்லது.

விதியே எதிராக இருந்தால்

சீருடை விதி, தேர்வு நாள், கட்டாய வழிபாடு. இங்கே குற்றவாளி என்று யாரும் இல்லை. விதி எழுதியவர்களுக்கு உங்களைப் போல ஒருவர் வருவார் என்று தோன்றாமலே போயிருக்கலாம். ஆகவே குரலை உயர்த்துவதற்கு முன் விலக்குக் கேட்டு ஒரு கடிதம் போதும்.

சட்டத்தின் ஆதரவு எவ்வளவு என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஐ.நா.வின் 1989ஆம் ஆண்டுக் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, பாகுபாடின்மையை 2ஆம் பிரிவிலும், சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரத்தை 14ஆம் பிரிவிலும் சொல்கிறது. அமெரிக்காவைத் தவிர ஏறக்குறைய எல்லா நாடுகளும் அதை ஏற்றிருக்கின்றன. ஆனாலும் அதே உடன்படிக்கையை ஏற்ற பிரான்ஸ், அரசுப் பள்ளிகளில் எடுப்பாகத் தெரியும் மத அடையாளங்களை 2004இல் சட்டம் போட்டுத் தடுத்தது. அதனால் ‘உலகச் சட்டம் எங்கள் பக்கம்’ என்ற துணிச்சலோடு மட்டும் இறங்கக் கூடாது.

நீதிமன்றம் போனவர்கள் ஜெயித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த பிள்ளைகள் கொடி வணக்கம் செய்ய மறுத்த வழக்கில், 1940இல் பள்ளியின் பக்கம் நின்ற உச்ச நீதிமன்றம் 1943இல் தன் முடிவையே மாற்றிக்கொண்டது. இடைப்பட்ட காலத்தில் அந்தப் பிரிவினர் பல இடங்களில் தாக்கப்பட்டார்கள். இந்தியாவில் அதே பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் கேரளப் பள்ளி ஒன்றில் தேசிய கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், பாடவில்லை. 1985இல் வெளியேற்றப்பட்டார்கள். 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது.

கனடா வழக்குதான் முடிவெடுப்பவருக்கு அதிகம் கற்றுத்தருவது. சீக்கிய மாணவர் ஒருவர் மத அடையாளமாக அணிந்திருந்த கிர்பான் என்ற குறுவாள் 2001இல் பள்ளி வளாகத்தில் தவறிக் கீழே விழுந்தது. ஆடைக்குள் மூடித் தைத்து வைத்துக்கொள்ளலாம் என்று பள்ளி வாரியம் சொல்ல, குடும்பமும் ஒப்புக்கொண்டது. பள்ளியின் நிர்வாகக் குழு ஏற்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 2006இல் அந்தத் தடை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. அதற்குள் மாணவர் தனியார் பள்ளிக்குப் போய்விட்டிருந்தார். முதல் சில வாரங்களில் கிட்டத்தட்ட முடிந்துவிட்ட ஒன்றுக்கு நான்கு வருடத்துக்கு மேல் ஆனது. வழக்கு அடுத்த தலைமுறைக்கு வழி திறக்கும். இந்த வருடப் படிப்பைக் காப்பாற்றுவது பெரும்பாலும் கடிதமும் பேச்சுவார்த்தையும்தான். குழந்தை உரிமை ஆணையமோ கல்வித் துறையின் குறைதீர்ப்பு அமைப்போ உங்கள் நாட்டில் இருந்தால், நீதிமன்றத்துக்கு முன் அங்கே போவது செலவும் குறைவு, நேரமும் குறைவு.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்

பள்ளிகளில் நடத்தப்படும் கொடுமைத் தடுப்புத் திட்டங்களைத் தொகுத்துப் பார்த்த 2019ஆம் ஆண்டு ஆய்வொன்று, சீண்டுவது ஏறக்குறைய 19 முதல் 20 சதவீதமும், பாதிக்கப்படுவது 15 முதல் 16 சதவீதமும் குறைவதாகக் கண்டது. நல்ல எண்தான், ஆனால் மந்திரம் இல்லை. ஒரு வினோதமும் உண்டு. வகுப்பில் மொத்தச் சீண்டல் குறைந்த பிறகும் எஞ்சி நிற்கும் ஒன்றிரண்டு பேர், முன்பைவிட மோசமாக உணரக்கூடும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. எல்லோருக்கும் நடந்தபோது ‘பள்ளி அப்படி’ என்று இருந்தது. தனக்கு மட்டும் நடக்கும்போது ‘நான்தான் அப்படி’ என்று தோன்றிவிடும். ஆகவே தலைமையாசிரியர் ‘இப்போதெல்லாம் புகாரே வருவதில்லை’ என்று மகிழ்ச்சியோடு சொல்லும்போது, உங்கள் பிள்ளையிடம் தனியாகக் கேட்டுவிட்டு நம்புங்கள்.

பள்ளி மாறுவது

இதைத் தோல்வி என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. எழுதிக் கொடுத்தும், மேலே போயும், சொன்ன தேதிகள் கடந்தும் எதுவும் மாறவில்லை. பிள்ளைக்குத் தூக்கம் போய்விட்டது, காலையில் வயிற்றுவலி என்கிறது. அப்போது இன்னும் நின்று போராடு என்று பிள்ளையிடம் சொல்ல நமக்கு உரிமை கிடையாது. தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் பேச்சு வந்தால் மற்ற எல்லாவற்றையும் ஓரம் வைத்துவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். பள்ளி விவகாரம் பிறகு.

மாறுவது என்று முடிவானால், புதிய பள்ளியில் தன் மதத்தவர் எத்தனை பேர் என்று மட்டும் பார்த்துச் சேர்ப்பவர்கள் உண்டு. அதைவிட, ‘இப்படி ஒரு புகார் வந்தால் என்ன செய்வீர்கள்?’ என்று கேட்டுவிட்டு, பதில் சொல்பவர் எவ்வளவு நேரம் தடுமாறுகிறார் என்று பாருங்கள். ‘எங்கள் பள்ளியில் அதெல்லாம் நடக்காது’ என்று உடனே சொல்பவரைவிட, போன வருடம் நடந்த ஒன்றைச் சொல்லி, என்ன செய்தோம் என்று விளக்குபவரை நான் நம்புவேன்.

பழைய பள்ளிக்குக் கொடுக்கும் விலகல் கடிதத்தில் ‘சொந்தக் காரணங்களால்’ என்று எழுதாதீர்கள். உண்மைக் காரணத்தை இரண்டே வரியில், முன்பு கொடுத்த புகார்களின் தேதியோடு எழுதி நகல் வைத்துக்கொள்ளுங்கள். தம்பியோ தங்கையோ அதே பள்ளியில் தொடர்ந்து படிக்கப்போகிறார்கள் என்றால் அந்த நகல் அவர்களுடைய வகுப்பாசிரியர் கைக்கும் போக வேண்டும்.